விழியிலார் கைத்தொழில்: யப்பானில் உடல் உருவும் கலையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

உழைப்பவர் எவராயினும், அவர் வயலில் மண்வெட்டி பிடிப்பவராயினும் அலுவலகத்திற் பேனா பிடிப்பவராயினும், பொழுது சாயும் வேளையில் தோளிலும் பிடரியிலும் இடுப்பிலும் ஓர் உளைவை உணர்கின்றார். அது நோயென்று சொல்லத்தக்கதன்று. ஒருவரைப் பாயிற் கிடத்துவதுமில்லை. எனினும் மறுநாளைய உழைப்பை அது மந்தப்படுத்துகின்றது, உறக்கத்தைக் கெடுக்கின்றது, மனத்திலும் ஓர் இறுக்கத்தை ஏற்படுத்துகின்றது. இதனைத் தணிக்க மனிதன் கண்ட முதற் கருவி அவனது கையே. நொந்த இடத்தை அழுத்துதலும் தேய்த்தலும் எந்த நாட்டாரும் பிறரிடமிருந்து கடன் பெறவேண்டியிராத அறிவாகும். எமது சித்த மருத்துவம் இதனைத் தொக்கணம் என வழங்கி, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் முதலாக ஒன்பது வகைப்படுத்திற்று. யாழ்ப்பாணத்து வீடுகளிலே பேரப்பிள்ளையின் காலுக்கு எண்ணெய் பூசி உரஞ்சிவிடும் பாட்டிமார் இவ்வகைப்பாட்டை அறியார். ஆயினும் அவர் கை செய்வது அதனையே.

இக்கலையின் நுட்பங்கள் நாட்டுக்கு நாடு சிறிதளவே வேறுபடுகின்றன. பெரிதும் வேறுபடுவது, அந்நுட்பம் எவர் கையில் இருந்தது, அக்கைக்கு எத்தகைய மதிப்பும் ஊதியமும் கிடைத்தன என்பதேயாகும். சமூக வரலாற்று மாணவனின் கவனத்துக்குரியது இவ்விரண்டாவது வினாவே. இவ்வினாவுக்கு யப்பானிய வரலாறு தரும் விடை தனித்தன்மை வாய்ந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கு உடல் உருவும் தொழில் பார்வையற்றோரின் வாழ்வோடு பிணைந்து நின்றது. அப்பிணைப்பு ஒருபுறம் அவர்களுக்குச் சோறிட்டது. மறுபுறம் அவர்களைச் சுற்றி ஒரு வேலியையும் இட்டது. இவ்விரு தன்மைகளையும் ஒருங்கே நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யப்பானியர் இக்கலையை அன்மா என அழைப்பர். அழுத்தல், தேய்த்தல் எனப் பொருள்படும் இரு சீன எழுத்துக்களால் ஆயது அச்சொல். சொல்லைப் போலவே கலையும் சீனத்திலிருந்து வந்ததாகும். கி.பி. 701இல் வகுக்கப்பட்ட தைஹோ சட்டத்தொகுதி, அரசவை மருத்துவப் பகுதியிலே ஊசி மருத்துவத்துக்கும் மூலிகைக்கும் ஆசிரியர்களை நியமித்தவாறே அன்மாவுக்கும் ஆசிரியரை நியமித்தது. தொடக்கத்தில் அது கற்றோர் கலையாகவும் அரசின் ஊதியம் பெறும் கலையாகவும் இருந்தமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அன்று அதற்கும் பார்வையற்றோர்க்கும் யாதொரு தொடர்பும் இருந்ததில்லை. அரசவையின் செல்வாக்குக் குன்றிய பின்னர் அப்பதவிகளும் மங்கின. கலை மட்டும் மக்களிடையே எஞ்சிற்று.

பார்வையற்றோர் அக்காலத்தே வேறொரு தொழிலால் வாழ்ந்தனர். பீவா என்னும் நரம்பிசைக் கருவியை மீட்டி, ஹெய்க்கே குலத்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் கூறும் கதைப்பாடலை ஊர்தோறும் பாடுவதே அது. 14ஆம் நூற்றாண்டிலே அத்தகைய பாடகர்களுள் தலைசிறந்த அகாஷி ககுயிச்சியின் காலத்தை ஒட்டி, பார்வையற்ற ஆடவர்க்கெனத் தோடோசா என்னும் தொழிற்குழாம் ஒன்று உருப்பெற்றது. அதன் உச்சியிலே கென்கியோ என்னும் பதவியும் அடியிலே சாத்தோ என்னும் பதவியும் இருந்தன. இடையில் வேறு பல படிகள். யப்பானியத் திரைப்படங்களைக் கண்டோர் சாத்தோயிச்சி என்னும் நாயகனை நினைவுகூரக்கூடும். 1962 முதல் வெளிவந்த அப்படங்களில் வாளேந்தி அலையும் அப்பார்வையற்றவன் தொழிலால் ஓர் அன்மாக்காரனே. அவன் பெயரின் முற்பகுதி, குழாத்தின் கடைநிலைப் பதவியைக் குறிப்பதாகும். வாள்வீச்சு கற்பனை, தொழிலும் பதவியும் வரலாறு.

பாடகர் குழாம் மருத்துவக் குழாமாக மாறியது எடோ காலத்திலாகும். 1603இல் தொடங்கிய தோக்குகாவா ஆட்சி நீண்டதோர் அமைதியைத் தந்தது. போர்க்கதை கேட்போர் தொகை குறையலாயிற்று, நகரங்களோ பெருகின, வணிகரும் கைவினைஞரும் வழிப்பயணிகளும் பெருகினர். போரிற் பட்ட காயங்களுக்குப் பதிலாகத் தொழிலில் ஏற்பட்ட உளைவு மருத்துவத்தின் அக்கறையாயிற்று. 1713இல் வெளிவந்த கைபரா எக்கிகெனின் உடல்நலம் பேணும் நூல், நாளாந்த வாழ்விலே உடலை அழுத்தியும் தேய்த்தும் பேணும் முறையைப் பொதுமக்களுக்கு எடுத்துரைத்தது. எண்பது வயதைக் கடந்த நிலையில் அவர் அந்நூலை எழுதினார் என்பதே அதற்குரிய சிறந்த விளம்பரமாயிற்று எனலாம்.

இம்மாற்றத்தின் நடுநாயகமாக விளங்குபவர் சுகியாமா வாய்ச்சி ஆவார். 1610இற் பிறந்த இவர் இளமையிலேயே பார்வையை இழந்தவர். ஊசி மருத்துவம் கற்கப் புகுந்து, மந்த புத்தியுடையவரென ஆசிரியரால் விலக்கப்பட்டவர் என மரபுக் கதை கூறும். மனமுடைந்து எனோஷிமாத் தீவிலுள்ள கோயிலில் நோன்பிருந்து திரும்புகையில் கல்லொன்றில் இடறி வீழ்ந்தார் என்றும், அப்போது கைக்கு அகப்பட்ட சுருண்ட இலையினுள்ளே தேவதாரு இனத்து ஊசியிலை ஒன்று இருந்ததைத் தடவி உணர்ந்தார் என்றும் அக்கதை தொடர்கின்றது. கதை எவ்வாறாயினும், அவர் பெயரால் வழங்கும் கருவி மெய்யானது. மெல்லிய குழாயொன்றினுள் ஊசியை இட்டு, மேலே சிறிது நீண்டிருக்கும் முனையை விரலாற் தட்டினால், கண்ணின் உதவியின்றியே உரிய இடத்தில் உரிய ஆழத்திற்கு ஊசி இறங்கும். இன்று உலகெங்கும் கண்ணுள்ள மருத்துவரும் இக்குழாயைப் பயன்படுத்துகின்றனர். பார்வையற்ற ஒருவர் தமது குறையை நிரப்பும்பொருட்டு வகுத்த முறை எல்லார்க்கும் பொது முறையாயிற்று.

சுகியாமா ஐந்தாம் தோக்குகாவா அதிபதியான சுனயோஷியின் நோயைத் தணித்து அவரது நன்மதிப்பைப் பெற்றார். என்ன வேண்டுமென அதிபதி வினவ, ஒரு கண் வேண்டுமென இவர் விடையிறுத்தாராம். எடோ நகரிலே 'முதலாம் கண்' எனப் பொருள் கொள்ளத்தக்க பெயருடைய ஹிதோத்சுமே என்னும் இடத்தில் நிலம் வழங்கப்பட்டது. இந்த நகைச்சுவையின் அடியில் உள்ள கசப்பைக் கவனியாது விடுவதற்கில்லை. எவ்வாறாயினும், சுகியாமா 1694இல் மறைவதற்கு முன்னர், பார்வையற்றோர்க்கு ஊசி மருத்துவத்தையும் அன்மாவையும் முறையாகக் கற்பிக்கும் பள்ளியை நிறுவியிருந்தார். பார்வையற்றோர் கல்வியின் தொடக்கமாக ஐரோப்பியர் போற்றும் வலந்தைன் ஹவுயின் பரிசுப் பள்ளி 1780களிலேயே எழுந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னதாக எடோவில் இருந்த பள்ளியை எமது கல்வி வரலாற்று நூல்கள் பெரும்பாலும் குறிப்பிடாமை வருந்தத்தக்கது.

எடோ கால நகரங்களில் இரவு கவிந்ததும் சிறு குழலொன்றின் ஓசை தெருவிலே கேட்கும். தடியூன்றி நடந்துவரும் அன்மாக்காரன் தன் வரவை அவ்வாறு அறிவித்தான். நாள் முழுதும் சுமை தூக்கியவனும் கடையில் முழங்காலிட்டு இருந்தவனும் வாயிலைத் திறந்து அவனை உள்ளே அழைப்பர். எடோவையும் கியோத்தோவையும் இணைத்த தோக்காய்டோ நெடுஞ்சாலையின் விடுதிகளில் அவனுக்குக் குறைவிலா வேலை இருந்தது. 1830களில் ஹிரோஷிகே வரைந்த அந்நெடுஞ்சாலைத் தங்கலிடங்கள் பற்றிய ஓவியத் தொகுதியிலே, அகாசாக்கா விடுதியைக் காட்டும் படத்தில், இளைப்பாறும் பயணியை நாடி வரும் அன்மாக்காரனையும் காணலாம். உணவுத் தட்டம் ஏந்திய பணிப்பெண்ணைப் போலவே அவனும் விடுதி வாழ்வின் வழமையான ஓர் உறுப்பாகிவிட்டமையை அவ்வோவியம் உணர்த்துகின்றது.

அவன் செய்த வேலையின் தன்மையைச் சிறிது விளக்குதல் பொருத்தமாகும். எண்ணெய் பூசாது, உடையின் மேலாகவே அன்மா செய்யப்படுவது. பெருவிரலால் அழுத்துதல், உள்ளங்கையால் உருவுதல், பிசைதல், குவித்த கையாற் தட்டுதல் என்பன அதன் கூறுகள். உடலின் நடுப்பகுதியிலிருந்து கைகால் நுனி நோக்கிக் கை செல்லும். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டிலே வகுக்கப்பட்ட மசாஜ் முறையில் எண்ணெய் முதலியன பூசி, வெற்றுத் தோலின் மேல், இதயத்தை நோக்கி உருவுவர். திசை எதிரெதிர், பயனோ ஒன்று. இதிலிருந்தே அவ்வம் மரபினர் கூறிய காரணங்களை நாம் முழுவதும் நம்ப வேண்டியதில்லை என்பது பெறப்படும்.

அவ்வாறாயின் நோ தணிவது எங்ஙனம்? 1965இல் மெல்சாக், வோல் என்னும் இருவர் வெளியிட்ட வாயிற் கட்டுப்பாட்டுக் கொள்கை ஒரு விளக்கம் தருகின்றது. தொடுகையையும் அழுத்தத்தையும் கொண்டுசெல்லும் நரம்புச் செய்திகள், முண்ணாணிலே நோவுச் செய்தியின் வழியை ஓரளவு அடைத்துவிடுகின்றன என்பது அதன் சாரம். அதன் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டனவெனினும் அடிப்படைக் கருத்து நிலைபெற்றுள்ளது. அடிபட்ட முழங்காலைப் பிள்ளை தானாகவே தேய்த்துக்கொள்வது இதனாலேயே. உருவுவதால் தசையிலுள்ள லக்டிக் அமிலம் வெளியேற்றப்படுகின்றது எனப் பலர் கூறுவர். அதற்குத் தக்க ஆதாரம் இல்லை. இடுப்பு நோ பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த கொக்கிரேன் மதிப்பாய்வு, குறுகிய காலத்துக்கு நோ தணிவதைக் காட்டும் சான்றுகள் உள்ளன என்றும், ஆனால் அச்சான்றுகளின் தரம் குறைந்தது என்றும் முடிவு கூறிற்று. அன்மாக்காரனை அழைத்த சுமைதூக்கி வேண்டியதும் குறுகிய காலத் தணிவையே. நாளை மீண்டும் சுமை. நாளை இரவு மீண்டும் குழலோசை. அத்தொழில் என்றும் வற்றாது ஓடியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

தோடோசாக் குழாத்தை ஓர் அறச்சாலையாகக் கற்பனை செய்தல் தவறாகும். மேற்பதவிகள் பெருந்தொகைப் பணத்துக்கு விற்கப்பட்டன. அப்பணம் மேல்நிலையினரிடையே பங்கிடப்பட்டது; கடைநிலைச் சாத்தோக்கள் கையுழைப்பாலேயே வாழ்ந்தனர். குழாத்தினர்க்கு வட்டிக்குக் கொடுக்கும் சலுகையை அரசு வழங்கியிருந்தது. கடனை அறவிடுவதில் அவர்கள் காட்டிய கடுமை எடோ மக்களின் வெறுப்புக்குள்ளாகி, 1778இல் கென்கியோ நிலையினர் சிலரை அரசே தண்டிக்க நேர்ந்தது. பெண்களுக்கு அக்குழாத்தில் இடமேயில்லை. பார்வையற்ற பெண்டிர் கோசே எனப்படும் பாடகியராய்த் தனிக் குழுக்களாக அலைந்தனர். குறையுற்றோர் குறையுற்றோரைச் சுரண்டார் என எண்ணுவோர்க்கு இவ்வரலாறு ஏமாற்றமே தரும்.

1868இன் மெய்ஜி மாற்றம் பழைய சலுகைகளை ஒவ்வொன்றாகக் களைந்தது. 1871இல் தோடோசா ஒழிக்கப்பட்டது. பதவி, வட்டிச் சலுகை, காப்பு யாவும் ஒரே ஆணையால் மறைந்தன. 1874இன் மருத்துவ ஒழுங்குவிதி மேனாட்டு மருத்துவத்தையே அரசின் மருத்துவமாக்கிற்று. சுரண்டிய கென்கியோவும் சுரண்டப்பட்ட சாத்தோவும் ஒருங்கே நடுத்தெருவில் விடப்பட்டனர். சமத்துவத்தின் பெயரால் வந்த சீர்திருத்தம் முதலில் நசுக்கியது நலிந்தோரையே என்பது மெய்ஜி வரலாற்றில் போதிய அளவு பேசப்படாத ஒன்றாகும். 1878இல் கியோத்தோவிலும் 1880இல் தோக்கியோவிலும் பார்வையற்றோர் பள்ளிகள் எழுந்தன. மேனாட்டு முறையிலே தொடங்கிய இவையும், மாணவர் பிழைக்க வழி தேடியபோது, மீண்டும் அன்மாவிடமே திரும்பின. இதற்கிடையே, கண்ணுள்ளோர் பெருமளவில் இத்தொழிலிற் புகுந்தனர். அன்மாவைப் பார்வையற்றோர்க்கே உரித்தாக்க வேண்டுமென ஓர் இயக்கம் எழுந்தது. அரசு அதற்கு இணங்கவில்லை; 1911இல் அன்மாத் தொழிலுக்கு உரிமமும் தேர்வும் ஏற்படுத்தி, பார்வையற்றோர்க்கு இலகுவானதொரு தேர்வை வகுத்ததோடு நின்றது.

அடுத்த இடி வெளியிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போரின் தோல்விக்குப்பின் யப்பானை ஆண்ட நேசப்படைத் தலைமையகம், 1947இல் ஊசி மருத்துவம், சூடிடல் முதலிய பழைய முறைகளை அறிவியலுக்கு ஒவ்வாதன எனக் கருதி ஒழிக்க முற்பட்டது. பார்வையற்றோர் நாடெங்கும் திரண்டு எதிர்த்தனர். பள்ளி மாணவரும் தெருவில் இறங்கினர். அவர் வாதம் மருத்துவ வாதமாக மட்டும் இருக்கவில்லை. இத்தொழில் போனால் எமக்கு எத்தொழில் என்பதே அதன் உயிர்நிலை. அவ்வாண்டு டிசம்பரில் யப்பானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இத்தொழில்களை ஒழிக்காது, கல்வியும் தேர்வும் வகுத்து நிலைநிறுத்தியது. இச்சட்டத்துக்கு 1964இல் செய்யப்பட்ட திருத்தமே இன்றுவரை நீளும் விவாதத்தின் வித்தாகும். பார்வையற்றோரின் வாழ்வாதாரம் பாதிக்கப்படுமாயின், கண்ணுள்ளோர்க்கு இக்கலையைக் கற்பிக்கும் புதிய பள்ளிகளுக்கு அனுமதி மறுக்கும் அதிகாரத்தை அதன் 19ஆம் பிரிவு அமைச்சருக்கு அளித்தது.

இவ்விடத்தே கொரியாவையும் நோக்குதல் வேண்டும். யப்பானிய ஏற்பாடு கடல்கடந்து முளைத்தது அங்கேயே. 1910 முதல் 1945 வரை கொரியாவை ஆண்ட யப்பானிய ஆட்சி, முன்னர் குறிசொல்லியும் மந்திரம் ஓதியும் வாழ்ந்த கொரியப் பார்வையற்றோர்க்கு அன்மாவைக் கற்பித்து உரிமம் வழங்கிற்று. 1946இல் அமெரிக்கப் படையாட்சி அதனை நீக்கியது. 1970களில் தென்கொரிய அரசு அதனை மீட்டது. யப்பானிலும் ஒருபடி மேலே சென்று, பார்வையற்றோர் மட்டுமே உரிமம் பெறலாம் என அங்கு விதிக்கப்பட்டது. உரிமமின்றி இத்தொழில் செய்த கண்ணுள்ளோர் வழக்குத் தொடுத்தனர். 2006 மே 25இல் அரசியலமைப்பு நீதிமன்றம், இவ்விதி தொழில் தெரியும் உரிமையை மீறுவதெனத் தீர்ப்பளித்தது. அதன்பின் நிகழ்ந்தவை எளிதில் மறக்கற்பாலனவல்ல. சியோல் நகரின் மப்போ பாலத்திலே பார்வையற்றோர் கூடி, ஒருவர் பின் ஒருவராக ஹான் ஆற்றிற் குதித்தனர். உயிரிழப்பும் நேர்ந்தது. சில மாதங்களுக்குள் தேசிய சபை அவ்விதியைச் சட்டமாகவே இயற்றியது. 2008இல் அதே நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது.

எது நீதி? இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பயிலும் தமிழ் மாணவர் இவ்வினாவை எளிதிற் கடந்து செல்லவியலாது. 1970களில் பல்கலைக்கழக அனுமதியிலே புகுத்தப்பட்ட தரப்படுத்தலை எதிர்த்தபோது, திறமைக்கே இடம் என்பதே எம்மவர் முழக்கமாயிருந்தது. அம்முழக்கத்தை அப்படியே பெயர்த்துச் சியோலுக்குக் கொண்டுசென்றால், ஆற்றிற் குதித்தவர்க்கு எதிராகவே நாம் நிற்க நேரும். இரண்டும் ஒன்றல்ல என்பதே எமது கருத்து. அரசைத் தன் கையில் வைத்திருக்கும் பெரும்பான்மை தனக்கே வழங்கிக்கொள்ளும் சலுகை வேறு. வேறு வாயில்கள் யாவும் அடைக்கப்பட்ட சிறுதொகையினர் எஞ்சிய ஒரு வாயிலைக் காத்து நிற்பது வேறு. ஆயினும் கண்ணுள்ள கொரிய ஏழைத் தொழிலாளியின் வாதத்தைப் பொய்யென்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. அவனுக்கும் பிள்ளைகள் உண்டு. அவன் கையும் நோவைத் தணிக்கின்றது.

குறைகூறப்பட வேண்டியது வேறிடத்தில் உள்ளது. உடல் உருவும் தொழிலைப் பார்வையற்றோர்க்காகக் காத்த அதே யப்பானிய அரசு, பார்வையற்ற ஒருவர் மருத்துவராவதை 2001ஆம் ஆண்டு வரை சட்டத்தாற் தடைசெய்திருந்தது. அவ்வாண்டின் திருத்தத்துக்குப் பின்னரே அத்தடை தளர்ந்தது. சுகியாமாவின் குழாயைப் பயன்படுத்தும் நாட்டிலே, சுகியாமா இருபதாம் நூற்றாண்டிற் பிறந்திருப்பின் மருத்துவக் கல்லூரியின் வாயிலை அணுகியிருக்கமாட்டார். ஒரு தொழிலை ஒதுக்கித் தருதல் எளிது; அரசுக்குச் செலவு அதிகமில்லை, மனச்சாட்சிக்கும் ஆறுதல். பிற தொழில்களைத் திறந்துவிடுதலே கடினம். ஒதுக்கீடு தவறென்பது எமது கருத்தன்று. அதனைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததென இருந்தமையே தவறு.

இன்று எடோவின் குழலோசை கேட்பதில்லை. யப்பானிய நிறுவனங்கள் சிலவற்றிலே, மேசைமுன் நாள்முழுதும் அமர்ந்திருக்கும் ஊழியரின் தோளிறுக்கத்தைத் தணிப்பதற்காகப் பார்வையற்ற அன்மா வல்லுநர்கள் மாதச் சம்பளத்தில் அமர்த்தப்பட்டுள்ளனர். அதே வேளை, 1960களின் தொடக்கத்தில் இத்தொழிலினருள் பாதிக்கு மேற்பட்டோராயிருந்த பார்வையற்றோர் இப்போது கால் பங்கிற்கும் குறைவானவரே. கண்ணுள்ளோர்க்கான புதிய பயிற்சிநெறிக்கு அனுமதி மறுக்கப்பட்ட கல்வி நிறுவனத்தார் தொடுத்த வழக்கு, 2022 பெப்ரவரி 7இல் யப்பானிய உயர் நீதிமன்றத்தில் முடிவுற்றது. பார்வையற்றோர் வேறு தொழில் பெறுதல் இன்னும் கடினமாயிருத்தலால், 19ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணாகாது என நீதிமன்றம் கூறிற்று. அப்பிரிவை 1964இல் வரைந்தோர், அது இப்போதைக்கு மட்டுமே எனப் பொருள்படும் தொடரொன்றை அதன் தொடக்கத்திலேயே சேர்த்திருந்தனர். ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்தபோதும் அத்தொடர் நீக்கப்படாமல் அவ்விடத்திலேயே நின்றது.